முன்னால் நின்ற சுழியம்

ஜனவரி 12

அன்புள்ள குட்டிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே அம்மாவும் உன் அண்ணியும் நானும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி மாடிப்படியைக் கண்டால் மட்டும் வருகிறது; மற்ற நேரமெல்லாம் அவள் குரல்தான் வீட்டை நடத்துகிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கேள்வியைக் கவனமாகப் படித்தேன். உனக்கு முன் அந்த இருக்கையில் இருந்தவர் விட்டுப்போன கணினி முகவரிப் பதிவேட்டில், 6 என்றிருந்த எண்ணுக்குப் பின்னால் யாரோ ஒரு 4 சேர்த்து 64 ஆக்கிவிட்டதாகவும், அதனால் இரண்டு துறைகளுக்குள் சண்டை மூண்டதாகவும் எழுதியிருந்தாய். உங்கள் துறைக்கு இது புதிதாக இருக்கலாம். பத்திரங்களோடு புழங்கும் எங்களுக்கு இது அன்றாட நோய்.

ஒரு முகவரியில் நான்கு எண்கள் என்றும், எதுவும் 255க்கு மேல் போகாது என்றும் சொல்கிறாய். அப்படியானால் ஒவ்வொன்றையும் மூன்று இலக்கமாகவே எழுது. 6 என்பதை 006 என்றும், 64 என்பதை 064 என்றும். மூன்று கட்டமும் நிரம்பியிருந்தால் யாரும் எதையும் சொருக முடியாது. கணினியில் வைக்கும் பட்டியலிலும் இதே முறை இருக்கட்டும். தாளும் கணினியும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். இல்லையெனில் எது மூலம் என்ற கேள்வி எழும்.

இதை மின்னஞ்சலில் எழுதாததற்குக் காரணம் உண்டு. உங்கள் மருத்துவமனையை நடத்தும் அறக்கட்டளைக்கு நான் சட்ட ஆலோசகன். நீ அதன் ஊழியர். நமக்குள் பேசுவது நமக்குள் இருப்பதே நல்லது. உறையை ஒட்டிவிட்டால் ஒட்டியதுதான்.

உன் நலம் நாடும்,
அண்ணன்


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நான் நலம். அம்மாவை மாடி ஏறவிடாதீர்கள். அவள் ஏறுவது துணி எடுக்க அல்ல, பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்க.

நீங்கள் சொன்னபடியே பதிவேடு முழுவதையும் மூன்று இலக்கத்தில் திரும்ப எழுதிவிட்டேன். நேற்று 192.168.004.128 என்று எழுதி முடித்தபோது என் கையெழுத்துக்கே ஒரு வக்கீல் களை வந்திருந்தது.

இன்னொரு வேலையும் செய்திருக்கிறேன். இங்கே ஒவ்வொரு தளத்துக்கும் 256 கதவிலக்கங்கள். அதை நான்காக வெட்டி நான்கு தெருக்கள் ஆக்குகிறோம்: முதல் தெரு 0இல் தொடங்கும், அடுத்தவை 64, 128, 192இல். தெரு என்பது உங்களுக்காக. எங்கள் பேச்சில் சப்நெட். ஒரு முகவரியைக் கொடுத்தால் அது எந்தத் தெரு, அந்தத் தெரு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்தக் கதவிலக்கங்களைப் புதிதாகக் கொடுக்கலாம் என்று கணக்கிடும் ஒரு ஃபங்ஷன் எழுதினேன். நாற்பது வரி. 128 கொடுத்துப் பார்த்தேன், 192 கொடுத்துப் பார்த்தேன், 64ஐக் கையால் தட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தது.

என் துறைத் தலைவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, சர்க்கரை டப்பாவைக்கூடப் பூட்டி வைப்பவர். நாங்கள் அவரைப் பூட்டு என்போம். அவர் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "நாப்பது வரியா? நான் எழுதியிருந்தா நாலு வரிதான்" என்றார். எழுதிக் காட்டுங்கள் சார் என்றேன். "எழுத மாட்டேன். அதுக்குத்தானே உன்னை வெச்சிருக்கு" என்று போய்விட்டார். அவர் பாராட்டுவது அப்படித்தான்.

அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் தங்கை


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நன்றாக இருக்கிறேன் என்று எழுத உட்கார்ந்து மூன்று தாள் கிழித்துவிட்டேன். நேராகச் சொல்லிவிடுகிறேன்.

நான்காம் தளத்தின் முதல் தெரு இரத்த வங்கியுடையது. அங்குள்ள குளிர்ப்பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி உண்டு. உள்ளே சூடு ஏறினால் அங்கிருந்து எச்சரிக்கை வரும். இரண்டாம் தெரு காலியாக இருந்தது. மார்ச் மாதத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமை காலை, ஆவணப் பிரிவுக்குப் புதிதாக வந்த நாற்பது கணினிகளை அதில் குடியேற்றினேன். மூன்று இலக்கப் பட்டியலைப் படித்து முகவரிகளைப் பங்கிட்டது என் ஃபங்ஷன். அது நாற்பதையும் முதல் தெருவில் கொண்டுபோய் உட்காரவைத்தது. ஒரே கதவிலக்கத்தில் இரண்டு பேர். குளிர்ப்பெட்டிகளின் குரல் அடங்கிப்போயிற்று. அன்று மதியம் ஒரு பெட்டியின் மோட்டார் நின்றது. சனிக்கிழமை மாலை ஒரு செவிலியர் கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது. நூற்றுப் பதினெட்டுப் பை இரத்தம். எல்லாவற்றையும் கொட்டினார்கள். மூன்று அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போயின. இரண்டு பேர் மறுவாரம் வந்தார்கள். மூன்றாமவர் வரவில்லை. ஏன் என்று கேட்டேன். "அது உனக்கு எதுக்கு?" என்றார்கள்.

காரணத்தை நானே கண்டுபிடித்தேன். எண்ணுக்கு முன்னால் சுழியம் நின்றால், இந்த ஸ்கிரிப்ட் மொழி அதை எட்டின் கணக்கில் எழுதிய எண்ணாக எடுத்துக்கொள்கிறது. 064 என்றால் அதற்கு ஆறு எட்டும் ஒரு நாலும், அதாவது ஐம்பத்திரண்டு. ஐம்பத்திரண்டு முதல் தெருவில் இருக்கிறது. 128க்கும் 192க்கும் முன்னால் சுழியம் இல்லாததால் அவை தப்பின. 64ஐ நான் சோதித்தபோது கையால் தட்டினேன். கையால் தட்டும்போது யாரும் சுழியம் போடுவதில்லை. எட்டாம் தளம் ஒன்று இருந்திருந்தால் 008ஐப் பார்த்ததும் கணினி அப்போதே நின்று கத்தியிருக்கும், ஏனென்றால் எட்டின் கணக்கில் எட்டு என்ற இலக்கமே கிடையாது. எங்கள் கட்டடத்துக்கு ஏழு தளங்கள்தான்.

முறை உங்களுடையது என்பதற்காக இதை எழுதவில்லை. எட்டின் கணக்கு உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கே அன்றுதான் உறைத்தது. ஒரு வீட்டைக் கொடுக்கும் முன் உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று தட்டிப் பார்க்கும் வரியை நான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அது என் பிழை.

பூட்டு என்னைக் கேட்டார்: "ஏம்மா, எவனாவது முன்னாடி ஜீரோ போட்டு எழுதுவானா? உனக்கு இதை யாரு சொல்லிக்கொடுத்தா?" உங்களைக் கேட்காமல் சொல்வது முறையில்லை என்று வாயை மூடிக்கொண்டேன். விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்திருக்கிறார்கள். மே 15 வரை அவகாசம்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை


ஏப்ரல் 13

அன்புள்ள தங்கைக்கு,

9ஆம் தேதியிட்ட உன் கடிதம் இன்று காலை கிடைத்தது. இன்றே பதில் எழுதுகிறேன். இங்கு யாவரும் நலம். நீ மனத்தைத் தளரவிடாதே.

முதலாவது, யாரிடமும் எதையும் வாய்மொழியாகச் சொல்லாதே. உன் துறைத் தலைவரிடம் குறிப்பாக. இரண்டாவது, உன் விளக்கத்தை நானே வரைந்து அனுப்புகிறேன். அறக்கட்டளையின் ஆலோசகன் என்ற முறையில் என் பெயர் எங்கும் வரலாகாது. உன் கையால் படியெடுத்துக் கொடு. மூன்றாவது, குறிப்பாணை, பதிவேட்டின் நகல், மூன்று இலக்க முறையைப் பற்றி ஜனவரி 12இல் நான் எழுதிய கடிதத்தின் மூலப் பிரதி ஆகியவற்றைப் பதிவுத் தபாலில் எனக்கு அனுப்பு. வழக்குக் கட்டு ஒரே இடத்தில் இருப்பது நல்லது. நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டாம்.

எண்களைப் பற்றி நீ எழுதிய பகுதி தொழில்நுட்பம் சார்ந்தது. அதைக் குறித்து நான் கருத்துரைப்பது பொருத்தமன்று.

அண்ணன்


மே 6

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். கேட்டவற்றை ஏப்ரல் 17இல் அனுப்பினேன். நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புகை அட்டை திரும்பி வந்துவிட்டது. உங்கள் வரைவு நேற்று கிடைத்தது.

என்னை இப்போது பழைய மானிட்டர்கள் அடுக்கிய அறையில் உட்காரவைத்திருக்கிறார்கள். வேலை எதுவும் இல்லை. கேன்டீனுக்குள் நுழைந்தால் ஒரு மேசையிலிருந்து, "மேடம் வர்றாங்க, ஃப்ரிட்ஜை இழுத்து மூடுங்கப்பா" என்று குரல் வருகிறது. சிரிக்காமல் இருக்க முயல்கிறவர்களைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

வரைவு கண்ணாடி போல இருக்கிறது. மூன்றாம் பத்தியில் ஒரு வாக்கியம் மட்டும் தொண்டையில் சிக்குகிறது. ‘எண்களை மூன்று இலக்கத்தில் எழுதும் முறையை எவரது அறிவுரையுமின்றி நானே வகுத்துக்கொண்டேன்.’ இது உண்மை இல்லையே, அண்ணா. உங்கள் பெயர் வேண்டாம் என்றால் அந்த வாக்கியத்தையே எடுத்துவிடலாம். அவர்கள் கேட்காததை நானாக ஏன் சொல்ல வேண்டும்?

உங்கள் பதில் வந்தபிறகே கையெழுத்துப் போடுவேன்.

உங்கள் தங்கை


மே 10

அன்புள்ள தங்கைக்கு,

நலம். அந்த வாக்கியம் இருக்கட்டும்.

விசாரணைக் குழுவின் முன் பிறரைச் சுட்டுகிறவர்மீதும், சுட்டக்கூடும் என்ற ஐயத்தைத் தருகிறவர்மீதும் இரக்கம் பிறப்பதில்லை. பிழை முழுவதையும் தன்மேல் ஏற்பவருக்குக் கண்டனத்தோடு முடியும். இருபத்தாறு ஆண்டுகளாக நான் கண்ட நடைமுறை இது. வாக்கியத்தை நீக்கினால் அந்த இடம் வெற்றிடமாகும். வெற்றிடத்தைக் குழு தன் விருப்பப்படி நிரப்பும்.

அம்மாவுக்கு விவரம் சொல்லியிருக்கிறேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணன் சொல்றபடி கேளு குட்டி. ராத்திரி பகலா உனக்காகத்தான் உக்காந்து எழுதிக்கிட்டிருக்கான். அவனா உனக்குக் கெடுதல் பண்ணுவான்?"

அண்ணன்


ஜூலை 15

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். வீட்டில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

நேற்று ஆணை வந்தது. கண்டனம் அல்ல, பணிநீக்கம். காரணம் சொல்லும் பகுதியை அப்படியே தருகிறேன்: ‘உலக வழக்கில் இல்லாத ஒரு முறையை எவரது அறிவுரையுமின்றித் தாமே வகுத்துக்கொண்டதாக ஊழியர் ஒப்புக்கொள்கிறார். கவனக்குறைவு மன்னிக்கத்தக்கது; தன்னிச்சை அவ்வாறன்று.’ நாற்பது வரிகளில் இருந்த பிழையை மன்னித்துவிட்டார்கள், அண்ணா. நீங்கள் எழுதி நான் கையெழுத்திட்ட ஒரு வாக்கியத்தை மன்னிக்கவில்லை.

இந்த ஆணையோடு வேறெந்த மருத்துவமனையும் என்னை எடுக்காது. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருக்கிறது. ஜனவரிக் கடிதத்தை உடனே அனுப்புங்கள். அந்த முறை நானே யோசித்து வகுத்ததல்ல என்று காட்ட அது ஒன்றுதான் இருக்கிறது. உங்கள்மேல் பழி போட அல்ல.

உங்கள் தங்கை


ஆகஸ்ட் 1

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் இல்லை. நேற்று அண்ணியோடு போனில் பேசினேன். அறக்கட்டளை உங்கள் நியமனத்தை மேலும் மூன்றாண்டு நீட்டித்திருப்பதாகச் சொன்னார். வாழ்த்துகள்.

இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. கடிதத்தை அனுப்புங்கள்.

தங்கை


ஆகஸ்ட் 6

அன்புள்ள தங்கைக்கு,

உன் இரு கடிதங்களும் கிடைத்தன. பணிச்சுமையால் தாமதம்.

நீ கோரும் ஆவணம் இங்குள்ள கட்டில் காணப்படவில்லை. அலுவலக அலமாரிகளை மே மாதம் இடம் மாற்றினோம். அப்போது தவறியிருக்கலாம், அல்லது தபாலில் வந்த கட்டிலேயே அது இல்லாதிருந்திருக்கலாம். உறுதியாகக் கூற இயலாத நிலையில் இருக்கிறேன்.

மேல்முறையீடு செய்யாதிருப்பதே விவேகம். தோற்றால் ஆணை மேலும் இறுகும். என் நண்பர் ஒருவரின் அலுவலகத்தில் தட்டச்சுக்கு ஆள் தேவைப்படுகிறது. உனக்காகச் சொல்லி வைத்திருக்கிறேன். அம்மாவும் நீ இங்கே வந்துவிடுவதையே விரும்புகிறாள்.

அண்ணன்


ஆகஸ்ட் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? மேல்முறையீடு செய்துவிட்டேன். செப்டம்பர் 11 காலை விசாரணை.

முந்தாநாள் பூட்டு என் அறைக்கே வந்தார். வீட்டுக்காரரிடம் என் மாடி எது என்று கேட்டு, நான்கு மாடி ஏறி, மூச்சு வாங்க நின்றார். உட்காரவில்லை. "உன் ஃபங்ஷனைத் திருத்தச் சொல்லி என்கிட்ட கொடுத்தாங்க. பழைய பிரதிகளையெல்லாம் பார்த்தேன். ஏழாவது வரிக்கு மேல நீயே ஒரு குறிப்பு எழுதி வெச்சிருக்கியே, மறந்துட்டியா?" என்றார்.

மறந்துதான் போயிருந்தேன். கணினி படிக்காமல் தாண்டிப் போகும்படி, பின்னால் வருகிறவர்களுக்காக நாங்கள் எழுதும் குறிப்பு அது. ‘மூன்று இலக்க முறை: சட்ட ஆலோசகரின் ஜனவரி 12 கடிதப்படி.’ எழுதிய தேதி பிப்ரவரி 18. அந்தப் பிரதிகளை யாரும் சத்தமில்லாமல் மாற்ற முடியாது. மாற்றினால் மாற்றியவர் பெயரும் நேரமும் பக்கத்திலேயே நிற்கும்.

"விசாரணைக்கு இதை நான் கொண்டுவருவேன். கொண்டுவராம இருக்க முடியாது. முன்கூட்டியே உன் காதுல போட்டு வைக்கலாம்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நானும் அதையே செய்கிறேன். நீங்களே வந்து, ‘ஆமாம், என் தங்கைக்கு நல்லெண்ணத்தில் சொன்னேன், இப்படி ஆகும் என்று இருவருக்கும் தெரியாது’ என்று இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். உங்களை யார் குறை சொல்வார்கள்? வாருங்கள், அண்ணா.

தங்கை


செப்டம்பர் 3

அன்புள்ள குட்டிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? அம்மா உன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள்.

11ஆம் தேதி எனக்கு வேறொரு வழக்கு பட்டியலில் இருக்கிறது, தள்ளிவைக்க இயலாது. குறிப்பைப் பொறுத்தவரை, அது பலவாறு பொருள் கொள்ளத்தக்கது. அதைப் பற்றி நீ அதிகம் பேசாமலிருப்பது உனக்கு நல்லது. அந்த அலுவலர் அதை வேறு யாரிடமெல்லாம் காட்டியிருக்கிறார் என்பதை மட்டும் தெரிவி.

எது நடந்தாலும் நான் உன் அண்ணன் என்பதை மறவாதே.

அண்ணன்


செப்டம்பர் 25

அண்ணனுக்கு,

விசாரித்தவர் ஓய்வுபெற்ற தலைமைச் செவிலியர். சின்ன அறை. தாள்கள் பறக்காமலிருக்க மேசை விசிறியின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். பூட்டு நாற்பது வரியையும் அச்செடுத்து வந்து, அந்தக் குறிப்பின் கீழே பென்சிலால் கோடிட்டிருந்தார்.

நான் வேறொரு முடிவோடு போயிருந்தேன். நீங்கள் எழுதியதை நான்தான் தவறாகப் புரிந்துகொண்டேன் என்று சொல்லிவிடலாம், உங்களுக்கும் சேதமில்லை, எனக்கும் ஒரு வழி பிறக்கும் என்று பஸ்ஸிலேயே சொல்லிப் பழகிக்கொண்டு போனேன்.

அந்த அம்மாள் குறிப்பைப் படித்துவிட்டு, கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "இதையும் படிச்சிருங்க."

அறக்கட்டளைத் தலைவருக்கு நீங்கள் எழுதிய விளக்கம். ‘பணியாளர் ஒருவர் தம் பிழைக்கு என் பெயரைத் துணைக்கு அழைக்கக்கூடும் என அறிகிறேன். அவர் குறிப்பிடும் கடிதம் எதையும் நான் எழுதியதில்லை.’ தேதி செப்டம்பர் 1. அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குக் குட்டி என்று எழுதியிருக்கிறீர்கள்.

"இவரை உங்களுக்குப் பழக்கமா?"

"கூடப் பிறந்த அண்ணன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பூட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பழகிக்கொண்டு போன வார்த்தைகள் வாய்க்கு வரவில்லை. பணியாளர் ஒருவர் என்று படித்த பிறகு எப்படி வரும்? பையிலிருந்து உங்கள் ஏப்ரல் 13 கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். ஜனவரிக் கடிதத்தின் மூலப் பிரதியை அனுப்பு, நகல் வைத்துக்கொள்ளாதே என்று தேதியோடும் கையொப்பத்தோடும் நீங்கள் எழுதியது. அதைத் திருப்பிக் கேட்க உங்களுக்குத் தோன்றவில்லை. அவர் இரண்டு முறை படித்துவிட்டு அதைக் கோப்பில் சேர்த்தார்.

பணிநீக்கம் ரத்து. கண்டனத்தோடு மீண்டும் வேலை. கண்டனம் நியாயமானதுதான், தட்டிப் பார்க்கும் வரியை நான் எழுதவில்லை. மூன்றாவது நோயாளியைப் பற்றி இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வெளியே வந்ததும் பூட்டு, "நாளைக்கே வந்துரு. உன் நாப்பது வரியை நாப்பத்திரண்டு ஆக்கி வெச்சிருக்கேன். நல்லாயிருக்கான்னு பாரு" என்றார். அறக்கட்டளை உங்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருப்பதாகவும் சொன்னார். அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

14ஆம் தேதி அம்மா போன் செய்தாள். "உங்கண்ணன் ரெண்டு நாளா சாப்பிடல. கூடப்பொறந்தவனை இப்படியாடி சபையில நிறுத்துவே? நீயெல்லாம் படிச்சவளா?" என்று ஆரம்பித்தாள். திட்டி முடிக்கட்டும் என்று இருந்தேன். முடித்துவிட்டு, குரலை இறக்கிக் கேட்டாள்.

"அந்தக் கடுதாசியை நீயாக் குடுத்தியா, அவனாக் கேட்டானா?"

"அண்ணன்தான்மா கேட்டாரு."

"நீ திரும்பக் கேட்டியா?"

"ரெண்டு தடவை."

போனை வைத்துவிட்டாள். பதினொரு நாள் ஆகிறது. நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அண்ணியும் எடுப்பதில்லை.

என்னோடுதான் பேசாமலிருக்கிறாளா, ஒருவரோடுமே பேசாமலிருக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களோடு பேசுகிறாளா? வேறு எதையும் எழுத வேண்டாம். இதற்கு மட்டும் ஆம் அல்லது இல்லை என்று ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் போடுங்கள்.

தங்கை